சாரலில் நின்ற முகம்

தென்காசியில் மாரிச்செல்வத்தின் கடையில் பிரிண்டர் பார்க்க வந்திருந்தாள் சாஜிதா. இடுப்பில் ஒன்றரை வயது மகள். சவுதியில், தம்மாமில் வேலை பார்க்கும் கணவன் ரிஃபாத்தின் படத்தை முதல் பிரிண்டர் அடித்துத் தந்ததும், வாசலுக்குப் போய்ச் சாரலில் நீட்டினாள். குற்றாலச் சீசனில் வீட்டுச் சுவரே வேர்க்கிற ஊரில் ஈரம் தாங்காத படம் எதற்கு? ரிஃபாத்தின் கன்னம் கரைந்து வழிந்தது.

"இது வேண்டாம் அண்ணாச்சி."

அடுத்தது ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து வந்த தாளில் ரிஃபாத் காமாலைக்காரன்போல வெறும் மஞ்சளாக இருந்தான்.

"இது அதைவிட மோசமால்லா இருக்கு!"

"கொஞ்சம் பொறுங்கம்மா. இன்னும் மூணு தடவ உள்ள போயிட்டு வரும்."

தாள் தானே உள்ளே போய் ரோஸ் ஏறி வந்தது. மறுபடி போய் நீலத்தோடு வந்தபோது, மோவாய்த் தழும்பு முதற்கொண்டு ஆளே எதிரில் நின்றான். கடைசி நடையில் மேலே பளபளவென்று ஒரு பூச்சு. சாரலில் நீட்டினாள். துளிகள் உருண்டோடின, முகம் அசையவில்லை.

மகள் எட்டி, ஃபோனில் தள்ளுவதுபோலப் படத்தை விரலால் தள்ளினாள். மறுபடியும் தள்ளினாள்.

வாப்பா போகவே இல்லை.