நேரத்துக்கு முந்திய மாத்திரை

என் கணவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. லிஃப்ட் கூண்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கும்போது ஒரு நாள் ஏணி வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் முறிவு. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் வலிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

"நாலு வாரத்துக்கு மேல வேண்டாம். இது அபின் வகை மருந்து, உடம்பு பழகிடும்" என்றார். தலையாட்டினேன். வலியில் துடிக்கிற மனுஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு வாரத்துக்கு அப்பால் யார் யோசிப்பார்கள்?

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். எழுந்து உட்காரவே முடியாதவர் இரண்டாம் வாரம் சுவரைப் பிடித்து நடந்தார். கூடவே குமட்டல், உடம்பெல்லாம் அரிப்பு, சாப்பிடும்போதே கண் சொருகும் தூக்கம். மலச்சிக்கல்தான் பெரும்பாடு. "லிஃப்ட் நடுவுல நின்னா ஜனங்க என்னைக் கூப்பிடுவாங்க. இதுக்கு நான் யாரைக் கூப்பிடறது?" என்று கழிப்பறைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்பார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

எட்டாவது வாரம் வேலைக்குத் திரும்பினார். குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்பதால் இயந்திர அறையில் நின்று கூண்டை நகர்த்துவதும் நிறுத்துவதும் மட்டும் அவர் பொறுப்பு. கூண்டின் தலைமேல் ஏறி நின்று வேலை செய்கிறவன் அவருடைய கூட்டாளி. ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், எல்லாருக்கும் அவன் நெட்டை. அவன் வயர்லெஸ்ஸில் "நிறுத்துங்க" என்றால் இவர் அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

"மாத்திரையை விட்டாச்சா?" என்று கேட்டேன்.

"அது எப்பவோ" என்றார்.

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேருடைய கண்ணுக்குள் பார்க்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திரை மூடிய அறையில், எதையோ கேட்க அவர் என் பக்கம் திரும்பினார். மங்கலான வெளிச்சத்தில் கண்ணின் பாப்பா விரிந்திருக்க வேண்டும். அவருடையது கடுகளவு சுருங்கி இருந்தது. அபின் வகை மருந்துதான் அப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியும்.

அப்போது எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான். ஆனால் அன்றிலிருந்து என் கண் அவர் மேலேயே இருந்தது. கொட்டாவி மேல் கொட்டாவியாக விடுவார், மூக்கை உறிஞ்சுவார், மின்விசிறிக்குக் கீழேயே வியர்த்து வழியும், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவார். பிறகு குளியலறைக்குப் போய் வருவார். அரை மணி கழித்துப் பார்த்தால் பரம சாது. கடையில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்கும்போதே, இந்நேரம் நெட்டை கூண்டின் மேல் நிற்பானே என்று நினைவு வரும்.

செவ்வாய்க்கிழமை அவருடைய கருவிப் பையைத் திறந்தேன். ஸ்க்ரூ டிரைவர்களுக்கு அடியில் நாலு அட்டைகள். இரண்டில் எங்கள் டாக்டர் எழுதிய மாத்திரையே, கூடுதல் அளவில். மற்ற இரண்டும் தூக்க மாத்திரை. நான் கேள்விப்படாத ஒரு கிளினிக்கின் சீட்டும் இருந்தது.

எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"வலிக்குதும்மா."

"எப்போ?"

"மாத்திரை நேரம் நெருங்கும்போது. உயிர் போகுது. அதான் நேரத்துக்கு முன்னாடியே ஒண்ணு போட்டுக்கறேன்."

"முதுகுலயா?"

கொஞ்சம் யோசித்தார். "எல்லா இடத்துலயும்" என்றார். சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்த மாதிரி இருந்தது. உடனே கோபம் வந்தது. "என்னை என்ன குடிகாரன்னு நினைச்சியா? இந்த நிமிஷத்துலேர்ந்து தொடமாட்டேன், போதுமா?" அட்டைகளை அள்ளிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகப் பிதுக்கிக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டார்.

எனக்கு அழுகையே வந்தது, அத்தனை நிம்மதி. அன்றே டாக்டருக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. வெளியே தெரிந்தால் அவருக்கு அவமானம் என்று நினைத்தேன்.

அடுத்த மூன்று நாள் அவர் பட்ட பாட்டை எதிரிக்கும் நினைக்க மாட்டேன். உடம்பு பூராவும் புல்லரித்து நின்றது. வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. கால்களை ஒரு இடத்தில் வைக்க முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார். வேலை இடத்தில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டோம். மூன்றாம் நாள் தெருமுனை மருந்துக்கடை அக்காவிடம் உப்பு சர்க்கரைப் பொடி வாங்கப் போனேன். யாருக்கு, எதற்கு என்று அவள் துருவிக் கேட்க, வாய் உளறிவிட்டது.

"ஐயோ, ஒரேயடியா நிறுத்திட்டாரா?" என்றாள். "இதைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்மா. இப்போ முடியாம போய் அவர் பழைய அளவையே எடுத்துப் போட்டா, உடம்பு தாங்காது. தூக்க மாத்திரையோட சேர்ந்தா மூச்சே நின்னுடும். நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டாச்சுக்கா" என்றேன்.

மறுநாள் மத்தியானத்துக்கு டாக்டர் நேரம் கொடுத்திருந்தார். அரை நாள் விடுப்பு எடுத்து வீட்டுக்கு வந்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நாலு நாளுக்குப் பிறகு முதல் தூக்கம். எழுப்ப மனசு வரவில்லை. போர்வையை இழுத்து விட்டு, சமையலறைக்குப் போய் நின்றபடியே சாப்பிட்டேன்.

குறட்டை கேட்டது. நீளமான, அடித்தொண்டைக் குறட்டை. பிறகு ஒன்றுமில்லை. அடுத்த குறட்டைக்காகக் காத்திருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு ஐந்து மூச்சு. உதடு நீலம் பாரித்திருந்தது. கன்னத்தில் அறைந்தேன், கூப்பிட்டேன், அசைவில்லை. கட்டிலுக்கு அடியில் அவருடைய பழைய பூட்ஸ் கவிழ்ந்து கிடந்தது, பக்கத்தில் இரண்டு காலி அட்டைகள். பூட்ஸுக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்.

ஆம்புலன்ஸ் எண்ணில் பேசிய பெண் பதறவே இல்லை. "மூச்சு இருக்கா? ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. தலையைக் கொஞ்சம் பின்னால சாய்ங்க. ஒவ்வொரு மூச்சுக்கும் எனக்குச் சொல்லுங்க." சொன்னேன். "இப்போ." காத்திருந்தேன். "இப்போ." நடுவில் இருந்த அந்த நேரத்தை என்னால் யாருக்கும் விளக்க முடியாது. வண்டி வர ஒன்பது நிமிடம் ஆனது.

வண்டியில் வந்தவர்கள் மருந்தை முறிக்கிற ஊசி போட்ட இரண்டாவது நிமிடம் கண் திறந்தார். திறந்ததும் வாந்தி எடுத்து, எல்லாரையும் திட்டினார். ஊசியின் வேகம் அடங்கினால் மறுபடி மூச்சு குறையலாம் என்று இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். டாக்டர் அவரிடம் ஒன்று சொன்னார்: "நீங்க கெட்டவர்னு யாரும் சொல்லல. உங்க உடம்பு பழகிடுச்சு, அவ்வளவுதான். வந்த வழியாவே மெதுவா இறங்கணும்." என்னிடம் தனியாக, மாத்திரையை நிறுத்திய அன்றைக்கே நாங்கள் கூப்பிட்டிருக்க வேண்டும் என்றார். அதை நான் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் நெட்டை பார்க்க வந்தான். "காய்ச்சலா அண்ணே இந்தப் பாடு படுத்துச்சு? திங்கக்கிழமை வந்துடுவீங்கல்ல?" என்றான்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார், ஒன்று விடாமல். நான் எதிர்பார்க்கவில்லை.

நெட்டை நாற்காலியை முன்னால் இழுத்தான். "அந்தப் பதினாலு மாடிக் கட்டடத்துல, நான் நிறுத்துங்கன்னு ரெண்டு தடவை கத்தினேன். வயர்லெஸ் சரியில்லன்னு சொன்னீங்களே."

"வயர்லெஸ் நல்லாத்தான்டா இருந்துச்சு."

"என் தலைக்கும் மேல் உத்தரத்துக்கும் ஒரு சாண்தான் இருந்துச்சு அண்ணே." எழுந்தான். "எனக்கு ரெண்டு குழந்தைங்க" என்றான். "வரேன் அண்ணி" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் அவரே மேலாளரிடம் போய்ச் சொன்னார். உதிரி பாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். மருந்துக்கடை அக்கா வாரத்துக்கு ஒரு முறை அந்த வாரத்து மாத்திரையை மட்டும் தருகிறாள், என் கையில். வலி முழுசாகப் போய்விடவில்லை. சாயங்காலம் பிசியோதெரபி. சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார். சில நாள் ஏதும் பேசாமல் படுத்திருப்பார். அப்படிப் படுத்தால் நான் வாசற்படியிலேயே நின்று மார்பு ஏறி இறங்குவதைப் பார்ப்பேன்.

ஐந்து வாரம் கழித்து நெட்டை போன் செய்தான். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன் அண்ணே."

"இரு. கோவமா இருக்கறவன் எதுக்குடா போன் பண்றே?"

"உயிரோட இருக்கீங்களான்னு பாக்கத்தான்."

"இருக்கேன்" என்றார். யாரும் உடனே போனை வைக்கவில்லை.

வரும் வியாழக்கிழமை அளவை இன்னும் ஒரு படி குறைக்கிறார்கள். போன முறை குறைத்தபோது நாலு நாள் படுத்தியது. இந்த முறை கடைக்கு ஒரு வாரம் விடுப்பு சொல்லியிருக்கிறேன்.