கரண்ட் போனால் படிக்கிற பெண்

சுமித்ராவின் பெயருக்கு எதிரே சிவப்பு. தேர்ச்சி பெறும் வாய்ப்பு இருபத்தெட்டு சதவீதம்.

திருப்பதியில் நான் கணக்குப் பாடம் நடத்தும் பொறியியல் கல்லூரியில் பாடங்களை வீடியோவாகவும் போடுகிறார்கள். யார் எத்தனை நிமிடம் பார்த்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று ஒரு மென்பொருள் எண்ணுகிறது. பரீட்சைக்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுகிறது. சிவப்பில் இருப்பவர்களுக்கு இந்த ஆண்டு கம்பெனி இன்டர்வியூ கிடையாது. வெள்ளிக்கிழமை பட்டியல் போகிறது.

சுமித்ரா என் வகுப்பில் முதல் மூவரில் ஒருத்தி. படிப்பு விடுமுறையில் வீட்டில் இருந்தாள். ஞாயிறன்று அவள் ஊரான நகரிக்கு பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் நான்கு விசைத்தறிகள். அவள் அப்பா ஏகாம்பரம் என் காதருகே வந்து கத்தினார். “கரண்ட் போனாத்தான் சார் அது வீடியோ பாக்கும்! மிசின் ஓடிக்கினு இருந்தா நான் கூப்புட்றதே அதுக்குக் கேக்காது!”

“இயர்போன்?”

“அத்த வெச்சா தறிதான் சார் இன்னும் நல்லா கேக்குது” என்று சுமித்ரா சிரித்தாள்.

கரண்ட் போனது. போனை எடுத்தவள் நாற்பது நிமிடம் தலை தூக்கவில்லை. தறி மறுபடி ஓடியதும் வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டாள். மென்பொருளுக்கு நோட்டு தெரியாது.

திங்களன்று துறைத் தலைவர் புருஷோத்தமனிடம் சொன்னேன்.

“ஏமய்யா, சிஸ்டம் எண்பத்தஞ்சு சதவீதம் கரெக்டா சொல்லுது. உனக்கு அதைவிடத் தெரியுமா?”

“மிச்சப் பதினஞ்சுல ஒருத்தி சார் இவ.”

என் மனைவி அகிலாவின் ஆபரேஷனுக்கு முன், பிழைக்க தொண்ணூறு சதவீதம் வாய்ப்பு என்றார்கள். நம்பி டிபன் சாப்பிடப் போனேன். திரும்பியபோது அவள் இல்லை. அதை இவரிடம் சொல்லவில்லை.

“வீடியோவைச் சும்மா ஓட விடச் சொல்லுய்யா. பச்சை வந்துடும். பாதிப் பேர் அதான் பண்றான்.”

“தெரிஞ்சேவா சார் இதை வெச்சிருக்கீங்க?”

“மேனேஜ்மென்ட் வாங்கிட்டாங்கல்ல?”

அவருடைய காபியைத் தட்டிவிட வேண்டும் போல் இருந்தது. வெளியே வந்து, சுமித்ராவைப் போனில் கூப்பிட்டு அவர் சொன்னதையே சொன்னேன்.

வியாழனன்று பச்சை. எழுபத்தாறு சதவீதம். மாலையில் அப்பாவின் போனிலிருந்து பேசினாள்.

“சார், என் போன்ல வீடியோ ஓடிக்கினே கீது. அது மூணாம் பாடம். எனக்கு ஏழாவது வேணும். இப்ப கரண்ட் இல்ல. நிறுத்திட்டுப் படிக்கலாமா? செவப்பு வந்துடுமா?”

“நிறுத்தாத. லிஸ்ட் போகட்டும். இந்த போன்லயே இரு. நோட்டை எடு. எங்க நின்ன, சொல்லு!”

கத்தியிருக்கிறேன்.

“கோவமா சார்?”

“ஆமா. உன் மேல இல்ல. கணக்கைச் சொல்லு.”