மூன்றாவது பாட்டில் காணாமல் போன குரல்

மூங்கில் தடுப்பைத் தாண்டிக் குதித்த வேகத்தில் நோராவின் கால் கேபிள் கட்டில் சிக்கியது. விழவில்லை. ஒரு கையால் கூடாரத்தின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை நேராக சவுண்டு மிக்ஸர் இருந்த மேஜைக்குக் கீழே போய், பிளக் பலகையைப் பற்றிக்கொண்டது.

“எந்திரி,” என்றாள். “இந்த சீட்ட விட்டு எந்திரிச்சுப் போயிடு. இல்லன்னா மொத்தத்தையும் புடுங்கிடுவேன்.”

ஆம்ப்ரோஸ் மெதுவாகத் திரும்பினான். தலையில் ஹெட்செட், வாயில் பாதி கடித்த பஜ்ஜி. அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மென்று முழுங்கினான்.

“அதுல ஒரு பிளக்கு லூஸு. ஷாக் அடிக்கும். பாத்துப் புடுங்கு.”

வெளியே கல்லூரி மைதானம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பெங்களூரில் ராக் கச்சேரி என்றால் மதியமே வந்து புல்லில் இடம் பிடித்துவிடுவார்கள். சாயங்கால வெயில் இன்னும் முழுசாக இறங்கவில்லை. ஒரு குழு வாசித்து முடித்து இறங்கியிருந்தது. மேடையில் டிரம்ஸை மாற்றிக்கொண்டிருந்தார்கள். இடைவெளியை நிரப்ப ஸ்பீக்கர்களில் ஏதோ கேசட் அலறியது. அடுத்தது நோராவின் குழு. எட்டு வருஷத்துக்குப் பிறகு.

இன்று சவுண்டுக்கு வேறு ஆள் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். சற்று முன் கிடாரிஸ்ட் கிளிஃபர்ட் மேடையின் பின்னால் வந்து, “நோரா, கன்சோல்ல யாரு தெரியுமா? ஆம்ப்ரோஸ்,” என்று சொன்னபோது, தண்ணீர் பாட்டில் அவள் கையிலிருந்து நழுவிவிட்டது.

“போகாத,” என்றாள் அக்கா ஆஞ்சலா, அவள் தோளை அழுத்தி. வீட்டில் இருவருக்கும் ஒருவரை விட்டால் ஒருவர் இல்லை. “அந்த மூஞ்சிய நீ பாக்கவே வேணாம். நான் போய் பேசிக்கறேன்.”

பாத்ரூம் என்று பொய் சொல்லிவிட்டுத்தான் நோரா ஓடி வந்திருந்தாள்.

“உன்ன யாரு கூப்பிட்டது?”

“கமிட்டிக்காரங்க. அவங்க ஆளுக்கு டைபாய்டு.”

“ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா அவங்களுக்கு?”

“என்னை மாதிரி கெடைக்கல.” சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான். “ஒனக்கு அது தெரியும்.”

தெரியும். அதுதான் நோராவுக்கு எரிச்சலே.

இந்த ஊரில் ராக் கேட்பவர்கள் கச்சேரியை மறந்தாலும் சவுண்டை மறக்க மாட்டார்கள். பிரேசர் டவுன் டீக்கடையில் நின்றால் போதும். அந்த ஷோவில் இடது பக்கம் நின்றவன் பாஸ் கிடார் மட்டும் கேட்டான், வலது பக்கம் நின்றவன் அதுகூடக் கேட்கவில்லை என்பார்கள். இன்னொரு ஷோவில் காற்று திரும்பியதும் பாட்டு மொத்தமும் பக்கத்து ஏரியாவுக்குப் போய்விட்டது, டிக்கெட் வாங்காதவனுக்குத்தான் நல்ல சவுண்டு என்பார்கள். யார் வாசித்தார்கள் என்பதில் சண்டை வராது. எப்படிக் கேட்டது என்பதில் கைகலப்பே வரும்.

அந்த டீக்கடைப் பேச்சில் ஆம்ப்ரோஸுக்கு ஒரு காலத்தில் தனி இடம் இருந்தது. தொண்ணூற்றிரண்டில் இதே போன்ற ஒரு மைதானத்தில் அவன் செய்ததை நோராவே பார்த்திருக்கிறாள். மத்தியானம் முழுக்கக் கையைத் தட்டிக்கொண்டே மைதானத்தைச் சுற்றி வந்தான். கடைசியில் காம்பவுண்டு சுவரோரம் கடலைக்காரன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, “பாடாத நோரா, சும்மா மூச்சு விடு,” என்று கத்தினான். அன்று சாயங்காலம் அவள் இரண்டு வரிகளுக்கு நடுவில் இழுத்த மூச்சு அந்தச் சுவர் வரைக்கும் போனது. ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்களாம். அப்போதெல்லாம் அவனை அவள் ஆம்ப்ரோஸ் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

அடுத்த வருஷம் அதே அண்ணா அவளைத் தீர்த்துக் கட்டினான்.

பம்பாயிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரர் அவளைக் கேட்பதற்காகவே வந்திருந்தார். முதல் இரண்டு பாட்டும் பிரமாதம். மூன்றாவது பாட்டு அவளுக்கென்றே கிளிஃபர்ட் எழுதியது. கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். பாடுகிறவர் காலடியில் அவரையே பார்த்துச் சாய்த்து வைத்த ஒரு பெட்டி இருக்கும். மானிட்டர் என்பார்கள். மேடையில் நிற்பவருக்கு அதுதான் காது. கூட்டம் எதைக் கேட்கிறது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அன்று அந்தப் பெட்டியில் அவள் குரல் கணீரென்று கேட்டது. அவள் கண்ணைத் திறந்தபோது மைதானமே கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது. வாய்கள் ஏதோ கத்தின. கொண்டாடுகிறார்கள் என்று நினைத்து, அவளும் கையைத் தூக்கிக் கும்பிட்டாள்.

முதலில் ஒரு தண்ணீர் பாட்டில் அவள் காலடியில் வந்து விழுந்தது. அடுத்தது நெற்றியில்.

வெளி ஸ்பீக்கர்களில் அவள் குரல் சுத்தமாக இல்லை. டிரம்ஸ் தகர டப்பாவை உருட்டுகிற மாதிரி முழங்கியிருக்கிறது, நடுநடுவே காதைக் கிழிக்கும் ஊளை. கேட்கவில்லை என்று ஜனங்கள் கன்னடத்தில் “கேள்ஸ்தில்லா, கேள்ஸ்தில்லா” எனக் கத்தியிருக்கிறார்கள். அதைக் கேட்டுத்தான் அவள் கும்பிட்டிருக்கிறாள். மறுநாள் சாயங்காலப் பேப்பரில் அந்தக் கும்பிடு படத்தோடு வந்தது. பம்பாய்க்காரர் அவளுக்குப் பிறகு வாசித்த குழுவோடு கையெழுத்துப் போட்டார். அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்தது ஆம்ப்ரோஸின் தம்பி.

வேறென்ன சாட்சி வேண்டும்?

“மைக் போயிருந்தா மானிட்டர்லயும் போயிருக்கணும்,” என்றாள் நோரா. பிளக் பலகையை இன்னும் விடவில்லை. “மானிட்டர்ல இருந்துச்சு. வெளிய மட்டும் இல்ல. அப்ப அது தானா போகல. யாரோ வெரல வெச்சு எங் கொரல எறக்குனாங்க. அந்த வெரல் யாருது?”

“என்னுது,” என்றான் ஆம்ப்ரோஸ்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எட்டு வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசவுகள் எல்லாம் வரிசை மாறிப்போயின.

“வெக்கமா இல்ல? தம்பிக்காக என் சோத்துல மண்ணப் போட்டியே. நான் டிராவல்ஸ் ஆபீஸ்ல போன எடுத்து குட் மார்னிங் சொல்லிட்டு உக்காந்திருக்கேன். ஞாயித்துக்கெழம விவேக் நகர் சர்ச் கொயர்ல பாடறதோட சரி. அதுலயும் மைக்குல இருந்து நாலடி தள்ளித்தான் நிக்கறேன். ஏன் தெரியுமா? யாரோ எங்கயோ என்ன எறக்கிட்டானோன்னு பயம்.”

“முடிச்சிட்டியா?”

“இல்ல.”

“அப்பறமா முடி. இப்ப நான் பேசறேன்.” அவன் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து மட்டும் தள்ளினான். மேடையோரத்தில் இருப்பவர்களும் இந்தக் கூடாரமும் பேசிக்கொள்வதற்கான கருவி அது. “எனக்கு என்ன ஆச்சுன்னு ஒரு நாளாவது யோசிச்சியா? பேப்பர்ல ஒம் படம் மட்டுமா வந்துச்சு? எம் பேரும் வந்துச்சு. அதுக்கப்பறம் ஒரு பேண்டும் கூப்பிடல. ஆனேக்கல்ல எலக்ஷன் மீட்டிங்குக்குக் கொழாய் ஸ்பீக்கர் கட்டினேன். வளைகாப்புக்குக் கட்டினேன். எவனோ ஒருத்தன் எருமை காணலன்னு அனவுன்ஸ் பண்றதுக்குக் கூடக் கட்டினேன். எல்லாம் யாரால? ஒன்னால.”

“என்னாலயா?”

“நடிக்காத நோரா. நீ சொன்னதத்தான் நான் செஞ்சேன்.”

கேசட் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பித்தது. நோரா பிளக் பலகையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“நான் என்ன சொன்னேன்?”

“நீ எங்க சொன்ன? பாடறவங்க எவங்கதான் நேரா வந்து சொல்லிருக்கீங்க? தொண்ட கட்டிடுச்சுன்னு கன்சோல்காரன்கிட்ட ஒத்துக்கிட்டா கௌரவம் கொறஞ்சிடுமே. ஆள்தான் அனுப்புவீங்க. எல்லா பேண்டுலயும் அதான வழக்கம்? எங்கள எறக்கிட்டு கூடப் பாடற செகண்ட் வாய்ஸ ஏத்துங்க, ஆனா எங்ககிட்ட வந்து கேக்காதீங்க, மூடு போயிடும். அன்னிக்கும் அப்படித்தான் சேதி வந்துச்சு. மூணாவது பாட்டு. ஒன்ன வெளிய எறக்கிட்டேன், ஒனக்கு மனசு ஒடையக்கூடாதுன்னு மானிட்டர்ல மட்டும் விட்டு வெச்சேன். செகண்ட் மைக்க ஏத்தினேன். அந்த மைக்ல யாரும் வாயே தெறக்கல. டிரம்ஸுக்கு முன்னாடி சும்மா தெறந்து கெடந்த மைக்கு, டிரம்ஸத்தான இழுக்கும்? ஊளையும் விட்டுச்சு. நான் சுதாரிச்சு ஒன்ன ஏத்தறதுக்குள்ள பாட்டில் பறந்துடுச்சு.”

“பொய்.”

“பொய்யா? ஷோ முடிஞ்சு ஒன்னத் தேடி வந்தேனே. எல்லார் முன்னாடியும் எம் மூஞ்சில துப்பினியே, அது பொய்யா? நீயே செய்யச் சொல்லிட்டு என்னையே மாட்டி விட்டியேன்னு எட்டு வருஷமா எனக்கு வயிறு எரியுது.”

நோரா அவன் முகத்தையே பார்த்தாள். இந்த முகத்தை வெறுத்து வெறுத்து அதன் ஒவ்வொரு மடிப்பும் அவளுக்கு மனப்பாடம். அதில் தப்பு செய்தவனின் களை இல்லை. நியாயம் கிடைக்காதவனின் கோபம்தான் இருந்தது. அவளுடைய கோபத்துக்குக் கொஞ்சமும் குறையாத கோபம்.

“நான் யாரையும் அனுப்பல,” என்றாள்.

“அனுப்பலியா? அப்ப இன்னிக்கு?”

“இன்னிக்கு என்ன?”

ஆம்ப்ரோஸ் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது. “இதான் நோரா ஒங்கிட்ட எனக்குப் புடிக்காதது. இன்னிக்கும் அதே ஆளு, அதே சேதி. காலைல நான் வந்து வயர் இழுக்கும்போதே வந்தாச்சு. ‘முன்ன மாதிரியே செஞ்சிடுங்க, ஷோவுக்கு முன்னாடி திரும்பவும் ஞாபகப்படுத்தறேன்’னு சொல்லிட்டுப் போயாச்சு. நான் சரின்னு தலைய ஆட்டினேன். ஆனா மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். இந்தத் தடவ எறக்கறதா இருந்தா நீயே ஒன் வாயால வந்து சொல்லணும். அதான் வந்துட்டன்னு நெனச்சேன், நீ தடுப்பு தாண்டிக் குதிச்சப்போ.”

மைதானம் முழுவதும் சேர்ந்து கை தட்ட ஆரம்பித்தது. பொறுமை போய்விட்டது. முன்னால் போட்ட நாற்காலிகளில் மூன்றாவது வரிசையில், தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு, இந்த முறை மும்பையிலிருந்து வந்திருக்கும் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். தன் புதுக் குழுவுக்குப் பாட ஆள் தேடி வந்திருப்பவர்; பிடித்துப்போனால் அவளை மும்பைக்கே கூட்டிப்போய்விடுவார். அவர் கேட்கப்போவது மூன்றே மூன்று பாட்டு. நோராவுக்கு முப்பத்தி நாலு வயது. இன்னொரு எட்டு வருஷம் காத்திருந்தாலும் யாரும் அவளைக் கேட்க வரப்போவதில்லை.

“யாரு?” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. “கிளிஃபர்டா?”

“சொன்னா நம்பமாட்ட.”

“எந் தொண்டைல ஒண்ணுமில்ல ஆம்ப்ரோஸ். இன்னிக்கும் ஒண்ணுமில்ல. அன்னிக்கும் ஒண்ணுமில்ல. நான் யாரையும் அனுப்பல. மாதா சத்தியம். யாருன்னு சொல்லு.”

அவன் அவள் கண்ணைப் பார்த்தான். கையிலிருந்த மிச்ச பஜ்ஜியைக் காகிதத்தில் வைத்தான். கோபம் அவன் முகத்தைவிட்டு அப்படியே இறங்கியது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. பரிதாபம்.

“நெஜமாவே ஒனக்குத் தெரியாதா?” என்றான்.

மேஜை ஓரத்திலிருந்த சின்னப் பெட்டியில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. மேடையோரத்திலிருந்து யாரோ பேசக் கூப்பிடுகிறார்கள்.

ஆம்ப்ரோஸ் ஹெட்செட்டைக் கழற்றினான். அவளை இழுத்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, அவள் தலையில் மாட்டினான். பெட்டியின் பொத்தான் மேல் விரலை வைத்தபடி, பேசாதே என்று வாயில் விரல் வைத்துக் காட்டினான்.

“சொல்லுங்க,” என்றான், மைக்கைத் தன் வாய்ப் பக்கம் திருப்பி.

கொஞ்சம் கரகரப்பு. பிறகு சுத்தமாக, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி, தினமும் காலையில் காபியோடு அவளை எழுப்புகிற குரல்.

“ஆம்ப்ரோஸ் அண்ணா, ஆஞ்சலா பேசறேன். நோராவுக்குத் தொண்ட சரியில்லயாம், கேட்டுக்கிட்டா. அன்னிக்கு மாதிரியே மூணாவது பாட்டுல எறக்கிடுங்க. அவகிட்ட போய் கேட்டுடாதீங்க, சங்கடப்படுவா.”