கெம்பம்மா திட்டினாள்

தகடுகளை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர் பிரதாப்பைக் கெம்பம்மா திட்டியதை அந்த ஷிப்டில் இருந்த எல்லோருமே கேட்டார்கள். அதை இங்கிலீஷில் எழுதும் வேலை மட்டும் ஜெய்னப்பின் தலையில் விழுந்தது.

ஜெய்னப் எச்.ஆர். ஆபீசில் அசிஸ்டென்ட். கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடிக்காரி என்பதால் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் தண்ணீர்பட்ட பாடு. தொழிலாளிகள் சொல்வதை இங்கிலீஷாக்கி மேனேஜரிடம் கொடுப்பாள்.

நடந்தது இதுதான். கை உள்ளே போனால் மிஷினை நிறுத்தும் சென்சாரை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று பிரதாப் கழற்றிவிட்டிருந்தான். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் விரல்கள் நசுங்காமல் தப்பியது மயிரிழையில். பக்கத்து மிஷினில் இருந்த கெம்பம்மா பாய்ந்து வந்தாள். பாகலூர்க்காரி, கோபம் வந்தால் பாஷைகள் கலந்துகட்டி வரும். "அறிவுகெட்ட நாயே, உன் தங்கச்சி கைய உள்ள வெச்சு ஓட்டிப் பாருடா!" என்று தமிழில் ஆரம்பித்தவள், "நின் முகக்கெ பெங்கி ஹாக்க!" என்று கன்னடத்தில் முடித்தாள். உன் மூஞ்சியில் நெருப்பை வைக்க என்று அர்த்தம். பாலைக் கொட்டிய பிள்ளையைக்கூட அந்தப் பக்கத்தில் அம்மாக்காரிகள் அப்படித்தான் திட்டுவார்கள்.

பிரதாப் புகார் கொடுத்தான். சென்சாரைப் பற்றி அதில் மூச்சு விடவில்லை.

ஜெய்னப் எழுதியதைப் படித்ததும் எச்.ஆர். மேனேஜர் ஹரீஷ்குமாரின் முகம் மாறியது. வெளியூர்க்காரர், ஓசூருக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

"'கொஸ்டின்ட்'னு எழுதியிருக்க. நாய்னு சொல்றது கேள்வியா?"

"கோவத்துல கேட்டாங்க சார்."

"அவ திட்டினதுக்கு நீ இங்கிலீஷ்ல பவுடர் பூசறியா? 'அப்யூஸ்டு'னு போடு. மூஞ்சில நெருப்பு வெப்பேன்னு சொல்லியிருக்கா, அதுக்கு 'த்ரெட்டன்ட்'."

முதல் வார்த்தை கேவலமாக ஏசியதாகச் சொல்லும், இரண்டாவது மிரட்டியதாக. இரண்டும் சேர்ந்தால் கம்பெனி விதிப்படி நேராக டிஸ்மிஸ்.

"அது மிரட்டல் இல்ல சார். இங்க எல்லாரும் சொல்றதுதான்."

"எனக்குப் பாடம் எடுக்கவா உன்னை வேலைக்கு வெச்சிருக்கு? மாத்தி எழுதி சைன் பண்ணு."

"நான் எழுதாததுக்கு நான் சைன் பண்ண மாட்டேன் சார்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருக்க, அவர் அவளை யூஸ்லெஸ் என்றார், திமிர் பிடித்தவள் என்றார், இந்த மாதிரி ஆட்களுக்கு வேலை கொடுத்ததே தப்பு என்றார். பிறகு தானே டைப் அடித்தார். மொழிபெயர்த்தவர் ஜெய்னப் என்று அடியில் போட்டுக்கொண்டார்.

விசாரணைக்கு நாராயணப்பன் என்ற வக்கீலைக் கம்பெனி வரவழைத்திருந்தது. அவரும் இந்தப் பக்கத்து உத்தனப்பள்ளிக்காரர். அவர் ஜெய்னப்பைக் கூப்பிட்டு, "இது நீங்க எழுதினதாம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க சார். அவங்க கேள்வி கேட்டாங்கன்னுதான் நான் எழுதினேன்."

எதிரே இருந்த கெம்பம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "யாரு கேள்வி கேட்டா? திட்டினேன்! நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி திட்டினேன். அந்த நாய் இங்கதான் உக்காந்திருக்குது, இன்னொரு வாட்டி திட்டட்டுமா?"

ஹரீஷ்குமார் சிரித்தார். யாரைக் காப்பாற்ற ஜெய்னப் எழுதினாளோ, அவளே வந்து கெடுத்துவிட்டாள். இருந்தாலும் ஜெய்னப் விடவில்லை.

"திட்டினாங்க சார். ஆனா மிரட்டல. 'ஸ்கோல்டட்'னு எழுதிக்குங்க."

நாராயணப்பன் அந்தக் கன்னட வசவைத் திரும்பச் சொல்லச் சொன்னார். கெம்பம்மா பிரதாப்பைப் பார்த்தே சொன்னாள். "எங்க வீட்லயும் தெனமும் கேக்கறதுதான்" என்ற வக்கீல், பேனாவை மூடாமல், "சரி, எதுக்குத் திட்டினீங்க?" என்றார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. சென்சார் கதை வெளியே வந்தது. பிரதாப் தரையைப் பார்த்தான்.

கெம்பம்மாவுக்கு வேலை போகவில்லை. ஒரு வாரம் சம்பளமில்லாத சஸ்பென்ஷன். சென்சார் திரும்ப மாட்டப்பட்டது. பிரதாப்பை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஜெய்னப்பை ஆபீசிலிருந்து எடுத்து, கேட்டில் வருகிறவர்கள் பேர் எழுத உட்கார வைத்தார்கள்.

சஸ்பென்ஷன் முடிந்து வந்த கெம்பம்மா அவள் மேஜை முன்னால் நின்றாள்.

"என்னைப் பயந்தாங்கொள்ளியா எழுதப் பாத்தியே. மேனேஜர் ஒரு பொய் எழுதினான், நீ ஒரு பொய் எழுதின. ரெண்டும் ஒண்ணுதான்."

ஜெய்னப்புக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "ஒண்ணா? உங்க சோத்துக்காக எழுதினேன்க்கா! உங்களால நான் இங்க வெயில்ல கெடக்கறேன். வாயை அடக்கத் துப்பில்ல, வந்து எனக்குப் புத்தி சொல்றீங்களா? போங்க உள்ள!"

செக்யூரிட்டி திரும்பிப் பார்த்தார். தன்னைவிட மூத்தவளிடம் ஜெய்னப் இப்படிப் பேசியது இதுவே முதல் தடவை.

"இந்தச் சத்தத்தை அந்த ஆள்கிட்டப் போட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கெம்பம்மா அட்டெண்டன்ஸ் பஞ்ச் வைக்கப் போனாள்.

அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அன்று காலையே, கெம்பம்மா உள்ளே போன கொஞ்ச நேரத்தில், ஹரீஷ்குமாரின் கார் உள்ளே நுழைந்தபோது செக்யூரிட்டி எழுந்து சல்யூட் அடித்தார். ஜெய்னப் எழுந்திருக்கவில்லை.