பச்சைக் கோட்டுக்கு வெளியே மூன்று எட்டு

...இந்தக் கண்ணாடியை அவளுக்கு மாட்டிவிடும் வேலையும் நம் தலையிலா விடிய வேண்டும் என்று இஞ்சினியர் நெரெய்தா நினைத்தாள், அதுவும் மூன்று வாரத்துக்கு முன் விதவையானவளின் தலையில், பின்னலை ஒதுக்கி, பட்டையை இறுக்கி, "வலிக்குதாம்மா?" என்று கேட்டும் ஆயிற்று, என்ன கேள்வி அது, புருஷனைக் கிரேனிலிருந்து விழுந்த கம்பிக்கட்டு நசுக்கிய பிறகு ரப்பர் பட்டையா வலிக்கப் போகிறது... பிதென்சியா கண்ணாடியை மூக்கின் மேல் சரிசெய்துகொண்டாள். மேசையில் கம்பெனி வக்கீல் உர்தியாலெஸ் காகிதத்தை விரித்துத் தயாராக வைத்திருக்கிறார், அவள் புருஷன், கொத்தனார் எலெயுதெரியோ, தன் இஷ்டப்படியே பாதையை விட்டு விலகி நடந்தார் என்று அதில் எழுதியிருக்கிறது, இவள் கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது, போடாவிட்டால் விசாரணை, விசாரணை என்றால் முதலில் கிளறப்படுவது நெரெய்தா போட்ட திட்டம்தான். போடுவாள். போட்டுவிடட்டும். கடவுளே, சீக்கிரம் போட்டுவிடட்டும்.

கண்ணாடிக்குள் இருப்பது நெரெய்தா கணினியில் கட்டிய உலகம், மெக்சிகோவில் கெரெத்தாரோ நகரத்தின் ஓரத்தில் எழும் இதே பதினான்கு மாடி, கிரேன் எங்கே நிற்க வேண்டும், கம்பி எங்கே இறங்க வேண்டும், ஆட்கள் எந்தப் பக்கம் நடக்க வேண்டும், எல்லாவற்றையும் முன்கூட்டியே உள்ளே போய் நடந்து பார்த்துவிட்டால் ஒரு உயிர்கூடப் போகாது என்று முதலாளிகள் முன் மார்தட்டியவள் அவள்தானே. அங்கே தூசி கிடையாது, மூத்திர நாற்றம் கிடையாது, தரையில் ஒரு பச்சைக் கோடு, அதன் மேலே நடப்பவனுக்குச் சாவே கிடையாது. சிமெண்ட் மூட்டை உண்டு, கழிப்பறை உண்டு, நிழலில் படுத்திருக்கும் நாய்கூட உண்டு, சிலுவை மட்டும் இல்லை... கொத்தனார்களின் சிலுவைத் திருநாளான மே மூன்றாம் தேதி சிலுவை நடாத கட்டடம் இந்த ஊரில் ஏது, முதல் தூணுக்குப் பக்கத்தில் நட்டார்கள், அதற்கு ஞானத்தாயாக இருக்கச் சொல்லி எலெயுதெரியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோது அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை, காகிதப் பூவெல்லாம் அவளே வாங்கிக் கட்டினாள், ஆட்டுக்கறியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றாள். அடுத்த வாரம் திட்டத்தைத் திருத்த உட்கார்ந்தால் உள்ளே வைக்கிற பொருள்களின் பட்டியலில் சிலுவை இல்லை, புதிதாக வரைய அரை மணி நேரம் ஆகும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள், அந்த இடம் காலியாகத் தெரிந்தது, காலியிடத்துக்கு மேலே கிரேன் கம்பிக்கட்டைத் தூக்கிப்போகும் வழியை வரைந்தாள். அரை மணி நேரம். வெறும் அரை மணி நேரம்.

"நேரா போங்கம்மா, பச்சைக் கோட்டு மேலயே போங்க," என்றார் வக்கீல். "போறேன் சார், போறேன். இதென்ன, அமெரிக்காக்காரன் வீட்டு வாசலாட்டம் தொடைச்சு வச்சிருக்கு? எங்க வீட்டுக்காரரு வேலை செஞ்ச எடமா இது? அவரு சட்டையைத் தொவைச்சா மூணு தண்ணிக்கு மண்ணு வருமே..." தகர அறையின் நடுவில் பிதென்சியா பூனைபோல் அடியெடுத்து வைத்தாள், நெரெய்தா திரையில் அவள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கோட்டிலேயே போ, அப்படியே போ, வெளியே வந்துவிடு... முதல் தூண் வந்ததும் பிதென்சியா சட்டென்று திரும்பினாள், கோட்டை விட்டு மூன்று எட்டு வைத்தாள், மதியச் சாப்பாடு கொண்டுவரும்போது தினமும் செய்ததுதான் போலிருக்கிறது, கையை நீட்டி, ஒன்றும் இல்லாத காற்றைத் தொட்டு, விரல்களை உதட்டில் வைத்தாள். திரை முழுக்கச் சிவப்பாக எரிந்தது.

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தீங்களா? நீங்களும் கோட்டைத் தாண்டிட்டீங்க! இதேதாம்மா அவரும் பண்ணினாரு. உங்க நல்ல நேரம், மேலேர்ந்து ஒண்ணும் விழல."

"நான் எதையும் தாண்டல சார். சிலுவைகிட்ட வந்தேன். எங்க அது? இஞ்சினியரம்மா, நீங்கதானே அதுக்கு ஞானத்தாய், நீங்களாவது சொல்லுங்க."

"இதுல வேலைக்கு வேண்டியதை மட்டும்தாம்மா வைப்போம்," என்றாள் நெரெய்தா, குரல் பிசிறவில்லை, அதுவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பிதென்சியா கண்ணாடியைக் கழற்றினாள், நெற்றியில் பட்டையின் தடம், காகிதத்தைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கம்பிக்கட்டு சிலுவைக்கு நேர் மேல போகுது, திங்கக்கெழம இஞ்சினியரம்மாகிட்ட சொல்லிடணும்னு வீட்ல சொல்லிட்டிருந்தாரு. வந்து சொன்னாரா?"

வந்தார்... இந்த வாசலில்தான் நின்றார், காலில் சேறு என்று உள்ளே வரவில்லை, கம்பிக்கட்டு சிலுவைக்கு மேல போகுது, பசங்க அதைத் தொடாம ஏணியில ஏற மாட்டானுங்க இஞ்சினியரம்மா என்றார், அப்ப சிலுவையை நகத்துங்க என்று நெரெய்தா திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள், நட்ட சிலுவையை எவனாச்சும் நகத்துவானா என்று அவர் சிரித்தார், பாக்கறேன் என்றாள், பார்க்கவில்லை, வியாழக்கிழமை விழுந்தது, அவர் வந்து சொன்ன அன்று அவர்கள் இருவரைத் தவிர இங்கே யாரும் இல்லை...

"வரல," என்றாள்.

"வரலியா..." பிதென்சியா பேனாவை எடுத்தாள். "சொன்னா செய்யற மனுஷன். மறந்துட்டாரு பாருங்க, பாவி மனுஷன். அப்ப தப்பு அவரு மேலதான்." ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பெயரை எழுதி முடித்தாள். வக்கீல் காகிதத்தை ஊதிக் காயவைத்தார்.

வரல என்ற அந்த ஒரு வார்த்தையை வக்கீல் சொல்லிக்கொடுக்கவில்லை, யாருமே சொல்லிக்கொடுக்கவில்லை, எங்கிருந்து அவ்வளவு சீக்கிரம் வந்தது... அன்று யாரோ ஓடிவந்து ஆள் அடியில் மாட்டிக்கொண்டான் என்று கத்தியபோது யாரு யாரு என்று கேட்டுக்கொண்டே ஓடினாள், எலெயுதெரியோ என்றார்கள், திங்கட்கிழமை வாசலில் வந்து நின்ற அந்த ஒரே ஆள், மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள், எல்லோரும் பார்த்தார்கள், தண்ணீர்கூடக் கொடுத்தார்கள், அழுகை பொய்யில்லை, சத்தியமாகப் பொய்யில்லை, ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதற்கும் அழுகைக்கும் நடுவில், ஒரு நொடி, நெஞ்சுக்குள் இறுகிக்கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்தது, அதிர்ச்சி என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்... நிம்மதியா அது?