அண்ணன் நினைவுப் படிக்கட்டு

என் கணவருக்குத் தெருவில் 'மணல் போலீஸ்' என்று பெயர். செய்த வேலை என்னவோ பள்ளிப் பேருந்து ஓட்டுவது. வண்டியை நிறுத்திவிட்டு வந்ததும் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவார். கடலுக்கும் எங்கள் வீடுகளுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு மணல்மேடு. அதன்மேல் யாராவது கால் வைத்தால் விசில் பறக்கும்.

"என்ன அண்ணே, மணலுக்கு வலிக்குதா?"

"மணலுக்கு வலிக்காது, புல்லு செத்துரும். புல்லு போச்சுன்னா மணல் காத்தோட போயிரும். அப்புறம் கடல் நேரா உன் வீட்டுக்கு வரும். நீதான் நாற்காலி எடுத்துப் போடணும்."

சிரித்துக்கொண்டே சுற்றிப் போவார்கள். அதற்காகவே மேட்டின் கோடியில், மணலில் கால் படாமல் கடக்கிற மாதிரி, பழைய பலகைகளை அடித்து ஒரு பாலம் போட்டிருந்தார். காற்று கொண்டுவரும் மணலைப் பிடித்துவைக்க மூங்கில் தட்டிகள் நட்டார். மணலில் வேர்விட்டுப் படரும் அடும்பங்கொடியைப் பதியம் போட்டார். வீட்டில் ஒழுகிய குழாயைப் பார்க்க மட்டும் அவருக்கு நேரம் இருந்ததில்லை.

எதிர்வீடு என் கொழுந்தனாருடையது. மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறவர். தெருச் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். தங்க வருகிறவர்களுக்குக் கடல் தெரியவில்லையாம், பாலம்வரை நடந்தால் கால் வலிக்கிறதாம். அண்ணன் பள்ளிச் சுற்றுலாவுக்கு வண்டி ஓட்டிப் போயிருந்த நேரம் பார்த்து, இயந்திரம் வைத்து மேட்டின் நடுவில் வழி வெட்டிவிட்டார்.

திரும்பி வந்தவர் அந்த இடைவெளியில் போய் நின்றார். "கதவு எங்கடா?" என்றார் தம்பியிடம்.

"எந்தக் கதவு?"

"வாசல் வெட்டினா கதவு வைக்கணும்ல? கடல் வந்தா எதைச் சாத்துவே?"

அதுதான் அண்ணன் தம்பி கடைசியாகப் பேசிக்கொண்டது.

அந்த மழைக்காலத்திலேயே புயல் வந்தது. விடிந்தும் இருட்டாகவே இருந்த காலை. இரண்டு பக்கமும் மேடு நின்றது. தண்ணீர் அந்த வழியாக மட்டும்தான் தெருவுக்குள் வந்தது. மணல்மூட்டை போட்டு அடைக்க என் கணவர் ஓடினார். அலை அடியை அரிக்க, வெட்டிய பக்கம் மொத்தமாக அவர்மேல் சரிந்தது. கொழுந்தனார் வெறுங்கையால் தோண்டினார். அவர் நகங்கள் பிய்ந்திருந்ததை நான் பார்த்தேன். இல்லை என்று சொல்லமாட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு தாளோடு வந்தார். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள்.

"அண்ணி, கல்லுல பொறிக்கப் போறோம். எழுத்துப்பிழை இருக்கா பாருங்க."

'மணலுக்காக உயிர் தந்த மாமனிதர்' என்று தொடங்கியது. பிழை இல்லை என்றேன். "எங்கே வைக்கப் போறீங்க?"

"அண்ணன் விழுந்த இடத்துலயேதான். ஏறிப்போக அகலமா சிமெண்டுப் படி. மேலே நின்னா கடல் பளிச்சுனு தெரியும்."

"தம்பி, அந்த வழியை அடைச்சுத் தட்டி வையுங்க, போதும். கல்லு வச்சே ஆகணும்னா தெருமுனைக் குப்பைத்தொட்டி பக்கத்துல வையுங்க, அங்கே மிதிக்கப் புல்லு இல்லை."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை. "எங்க அண்ணனைக் குப்பைத்தொட்டிகிட்டயா நிறுத்தச் சொல்றீங்க? ஊரு காறித் துப்பாது?"

சங்கக் கூட்டத்தில் என்னைத் தவிர எல்லாக் கையும் உயர்ந்தது. "துக்கத்துல இருக்கீங்க, உங்களுக்கு ஒண்ணும் ஓடாது. நாங்க பாத்துக்கறோம்" என்று பக்கத்து வீட்டு டீச்சர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

திறப்பு நாளன்று வந்த கூட்டத்துக்குப் படி போதவில்லை. இரண்டு பக்கமும் புல்லின்மேல் ஏறினார்கள். அடும்பங்கொடி செருப்புகளில் சிக்கி வேரோடு வந்தது. கைப்பைக்குள் இருந்த அவர் விசிலை எடுத்து, மூச்சு உள்ளவரை ஊதினேன்.

எல்லாக் கால்களும் நின்றன. ஒரு நொடி, அவ்வளவுதான்.

"அண்ணன் ஞாபகமா அண்ணி ஊதுறாங்க!" என்றார் கொழுந்தனார் மைக்கில், குரல் உடைய. "எல்லாரும் பலமா ஒரு தடவை கை தட்டுங்க!"

தட்டினார்கள். ஒரு பெண் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி புல்லை மிதித்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். "அக்கா, இன்னொரு தடவை ஊதுங்களேன், சரியாப் பதியலை."

ஊதவில்லை. வீட்டுக்கு வந்து, கீழே இருந்த துணிமணி, பாத்திரம், அவர் படம் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றினேன். முன்னறை நாற்காலிகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். கடல் வந்தால் உட்கார வேண்டாமா?