பெட்டியில் போட்ட விலை

விருதுநகர் மைதானத்தில் தீபாவளிப் பட்டாசுக்கான தகரக் கடைகள் வரிசை கட்டி நின்றன. கடைசிக் கடை மெகருன்னிசாவுடையது. வீட்டுக்காரர் இறந்தபின் அவள் தனியாகப் போட்ட முதல் கடை. அச்சங்குளத்துக் கம்பெனிக்கு நேரிலேயே போய்ச் சரக்கெடுத்ததால் எல்லோரையும்விடக் குறைத்து விற்றாள். கூட்டம் அவள் பக்கம் சாய்ந்தது.

இடம் பிரித்துக் கொடுப்பது, மணல் வாளி இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும் தாலுகா அலுவலகம் வியாபாரிகள் சங்கத்திடமே விட்டிருந்தது. அந்தத் தைரியத்தில் செயலாளர் லட்சுமிகாந்தம் புதிதாக ஒரு விதி எழுதி ஒட்டிவிட்டார். பெட்டியில் அச்சடித்த விலைக்குக் கீழே விற்றால் கடை காலி.

"அண்ணாச்சி, அந்த விலைக்கு இந்த ஊர்ல யாரு விக்கா?" என்று கேட்டாள் மெகருன்னிசா.

"மத்தவுக சங்கதி ஒனக்கு எதுக்கும்மா? சாயங்காலத்துக்குள்ள ஏறக்கட்டிரு."

தீபாவளி தாண்டிவிட்டால் பட்டாசைச் சீண்ட ஆள் கிடையாது. வீட்டில் அடுக்கி வைக்கவும் சட்டம் விடாது. மெகருன்னிசா பக்கத்துக் கடை பொன்னுத்தங்கத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு ஓடினாள்.

மத்தியானமே தாசில்தார் அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். நோட்டீசைப் படித்தார். நேரே லட்சுமிகாந்தத்தின் கடைக்குப் போய் ஒரு கிஃப்ட் பாக்ஸைக் கையில் எடுத்தார்.

"இது என்ன விலை?"

வருஷக்கணக்காய்ப் பழகிய நாக்கு, சும்மா இருக்குமா?

"ஆயிரத்து இருநூறு போட்டிருக்கும்மா. நீங்க முந்நூறு குடுங்க. நமக்குள்ள என்ன!"

முதலில் சிரித்தது பொன்னுத்தங்கம்தான். "அண்ணாச்சி, அப்பம் மொதல்ல ஒங்க கடையத்தான் ஏறக்கட்டணும்!"

லட்சுமிகாந்தம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அதிகாரம் நீங்க குடுத்ததுதானம்மா..."

"இடம் பிரிக்கவும் பாதுகாப்பு பாக்கவும் குடுத்தோம். யாரு என்ன விலைக்கு விக்கணும்னு சொல்றதுக்குக் குடுக்கல. இனி சங்கம் எந்த விதி போட்டாலும் எங்க ஆபீஸ்ல பாத்து ஒத்துக்கிட்டாத்தான் செல்லும். இதக் கிழிங்க."

அவரே கிழித்தார்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்பது அப்போதுதான் மெகருன்னிசாவுக்கு உறைத்தது. பொன்னுத்தங்கம் நீட்டிய சொம்பை வாங்கி, நெஞ்சு குளிரக் குடித்தாள். அதற்குள் கடை முன்னால் பிள்ளைகள் சக்கரம் கேட்டு முண்டிக்கொண்டிருந்தார்கள்.

பொழுது சாய லட்சுமிகாந்தம் மெல்ல வந்து நின்றார்.

"ஏம்மா, அச்சங்குளத்துல அது எந்தக் கம்பெனி?"

மெகருன்னிசா ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "சங்கத்துல கேட்டுட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி."